வெள்ளைக் கண்மாயின் கசிவு

எந்தக் கரையும் கசியும். கசியாத கரை ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் கரைக்குக் கீழே இறங்கிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கக் கரைகளைச் சோதிக்கும் இந்த வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிற உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். கணக்குகளைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கரையின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும், மண்ணை எத்தனை முறை உருட்டி இறுக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடுகிறதாம், நல்லது. நான் சொல்லப்போவது ஒரு மிளகாய்த் தோட்டத்தைப் பற்றி.

என் வேலையின் முதல் பகுதி வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் கழிந்தது. வெட்டிய கரியைக் கழுவினால் நல்ல கரி ஒரு பக்கம் போகும், கறுப்புக் குழம்பு மறுபக்கம் வரும். அந்தக் குழம்பை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆற்றில் விடவும் கூடாது. அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையைப் போட்டு அந்தக் குட்டைக்குள் விடுவார்கள். குழம்பு படியப் படியக் கரையையும் உயர்த்திக்கொண்டே போவார்கள். அணை கட்டுகிறவர் கட்டி முடித்துவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். நம் கரைகளுக்கு முடிவென்பதே கிடையாது. சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் சேறு அங்கேயேதான் இருக்கும், கரையும் நின்றாக வேண்டும். யாருக்கும் வேண்டாத ஒன்றை என்றென்றைக்கும் காவல் காப்பதுதான் நம் பிழைப்பு.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சரியான முசுடு. எந்தக் குட்டையைப் பார்க்கப் போனாலும் சுரங்கத்து மேனேஜர்கள் அவரைக் கரைமேல் அழைத்துப் போகத்தான் பார்ப்பார்கள். அங்கே நிழல் இருக்கும், நாற்காலி இருக்கும், டீ வரும். இவர் ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு அடிவாரத்து முள்ளுக்குள் நடப்பார். கசிவு தென்பட்டால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிந்து வந்தால் வெறும் தண்ணீர். கலங்கி வந்தால் அது கரையின் மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே எலி வளை போல ஒரு வழி அரித்துக்கொண்டே போகும், ஒரு நாள் கரை அப்படியே உட்கார்ந்துவிடும். எனக்கு அவர் வாயால் சொல்லிக்கொடுத்தது மிகக் குறைவு. திட்டியது அதிகம். ஆனால் கீழே போய்ப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் தெற்கே மாற்றல் கிடைத்தது. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு, தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். வீட்டில் நான் ஒருவன்தான் சேற்றில் விழுந்தவன். என் பொறுப்பில் வந்த சுரங்கங்களில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் குவாரி. கல்லோடு ஒட்டியிருக்கும் களிமண்ணைக் கழுவி எடுக்க அங்கே ஓர் ஆலை வைத்திருந்தார்கள். கழுவிய குழம்புக்கு ஒரு குட்டை. வடக்கே பார்த்த அதே குட்டைதான், நிறம் மட்டும் வெள்ளை. கரியிலிருந்து சுண்ணாம்புக்கு வந்துவிட்டேன், இனி துவைத்த வேட்டி துவைத்தபடி இருக்கும் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். முதல் நாளே முழங்கால்வரை அப்பிக்கொண்டு வந்தேன்.

அந்த ஊர்க்காரர்கள் குட்டைக்கு ‘வெள்ளைக் கண்மாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வானம் பார்த்த பூமி அது. அங்கே கரை போட்டு நீர் நிற்கும் எதுவும் கண்மாய்தான். கண்மாய் என்றால் நிறைய வேண்டும், நிறைந்து மறுகால் பாய வேண்டும், கரையைத் தொட்டுக்கொண்டு அலையடிக்க வேண்டும். நம் குட்டைக்கு நேர் எதிரான இலக்கணம். குழம்பு கரையோரம் படிய வேண்டும், தண்ணீர் கரையை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்காகக் குட்டையின் உள்ளே, கரையிலிருந்து தள்ளி, கிணற்று உறை போல ஒரு சிமெண்ட் தூண் நிற்கும். அதன் பக்கங்களில் உயரத்துக்கு ஒன்றாகத் துளைகள். மேலே தெளிந்து நிற்கும் நீர் துளை வழியே இறங்கி, அடியில் உள்ள குழாயில் ஓடி வெளியே போய்விடும். கொஞ்சம் ஆலைக்குத் திரும்பும், மிச்சம் ஓடைக்குப் போகும்.

குட்டையின் காவல் பொறுப்பு ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரிடம் இருந்தது. பெயர் பொன்னுச்சாமி, ஆனால் ஹவில்தார் என்றால்தான் ஊரில் தெரியும். பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். பட்டாளத்திலிருந்து வந்தும் மீசையும் நடையும் மாறாத மனிதர். குட்டையைச் சுற்றி ஒரு மாடு நுழைய முடியாது. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

முதல் சோதனையில் வழக்கப்படி கீழே இறங்கினேன். கரையின் அடியில் ஒரு வேலிக்கு அப்பால் மிளகாய்த் தோட்டம், நடுவே ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் எல்லாம் பாறை தெரியக் கிடந்த வருஷம் அது. இந்தக் கிணற்றில் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. கரையிலிருந்து கசிகிற நீர் அத்தனையும் அங்கேதான் ஊறியது. டம்ளரில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. தோட்டத்துக்காரி குருவம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு அந்தத் துண்டு நிலத்தை வைத்தே பிள்ளைகளை ஆளாக்கிக்கொண்டிருந்தவர்.

“என் கிணத்துத் தண்ணியில என்ன சார் பாக்கீக?”

“கலங்கலா இருக்கான்னு பாத்தேம்மா.”

“எளநி மாதிரி இருக்கும். குடிச்சுப் பாருங்க.”

குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி விதிப்படி ஓர் உத்தரவு எழுதினேன். கரையடியில் வாய்க்கால் வெட்டிக் கசிவு முழுவதையும் ஓர் இடத்தில் சேர்த்து அளக்க வேண்டும், கலங்கினால் உடனே தெரிவிக்க வேண்டும். குறையில்லாத உத்தரவு. இன்று நீங்கள் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவீர்கள். ஆனால் கோயில் வீட்டுக்காரன் என்று எனக்குப் புளியோதரைப் பட்டம் கட்டியிருந்த ஊருக்குள் அது போய்ச் சேரும்போது, ‘புளியோதரை சார் குருவம்மா கிணத்துத் தண்ணிய வாய்க்கால் வெட்டி எடுத்துட்டுப் போகப்போறாராம்’ என்று ஆகிவிட்டது. அது என் காதுக்கு வரவில்லை. மேனேஜரும் செலவைப் பார்த்து வாய்க்காலை இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். நான் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன், வருஷங்கள் போயின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. இரண்டு மூன்று வருஷமாக ஏமாற்றிய மழை அந்த வருஷம் விட்டதைப் பிடிப்பதுபோலக் கொட்டியது. நான் வேறொரு வேலையாக ராஜபாளையத்துக்கு வந்திருந்தேன். காலையில் மேனேஜரின் போன் என்னைத் தேடிப் பிடித்தது.

“ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லைங்க சார். கரைக்குக் கீழே லேசா பால் மாதிரி வருது. ஊர்க்காரங்களே வந்து அடைச்சுக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு ஒரு தகவலுக்குத்தான்.”

அடைக்கிறார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். பாலாக வருகிறது என்றதைவிட அதுதான் பயமாக இருந்தது.

போய், உள்ளே தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்க்க முதலில் கரைமேல் ஏறினேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் கீழே போகும் முன் மேலே போனேன். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு தளும்பியது. தூணின் துளைகளைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தவை ஒவ்வொன்றிலும் வைக்கோல் புரியும் களிமண்ணும் நேர்த்தியாகத் திணித்து அறைந்திருந்தது. கண்மாய் நீர் வழிந்து போகாமல் கலுங்குக் கற்களுக்கு நடுவே அடைப்பார்களே, அதே வேலைப்பாடு. கரையில் தேங்காய் உடைத்த சில்லும் குங்குமமும் கிடந்தன. வெள்ளைக் கண்மாய் முதல் தடவையாக நிறைந்ததற்குப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். மேனேஜரும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

பிறகுதான் முழுக்கதை தெரிந்தது. பஞ்ச காலத்தில் தூணின் வழியாக ஓடைக்குத் தண்ணீர் போவதை ஊர் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறது. குட்டை நிறைந்தால் கீழே உள்ள கிணறுகள் ஊறுகின்றன என்பதும் குருவம்மாள் கிணற்றிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை பிடித்ததும் ஊர்ப் பெரியவர்கள் ஹவில்தாரிடம் கேட்டார்கள், அவர் அடைத்தார். கண்மாய்ப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரை வீணாக விடுவதுதான் அங்கே பாவம்.

கீழே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஹவில்தார் அவர்களை வரிசையாக நிறுத்திக் கூடை கூடையாகக் களிமண் கடத்திக்கொண்டிருந்தார். கரையடியில், மிளகாய்ப் பாத்தியின் ஓரத்தில், ஓர் ஊற்று வெள்ளையாகக் குமிழியிட்டது. அதன் வாயில் வைக்கோல் கட்டுகளை வைத்து, மேலே களிமண்ணைக் கொட்டி, நான்கு பேர் ஏறி மிதித்தார்கள். ஊற்று அடங்கியது. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. கண்மாயில் உடைப்பு விழுந்தால் சாதி, சண்டை எதுவும் பார்க்காமல் ஊரே திரண்டு வந்து அடைக்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நான் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தது மாதிரியே பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் மண் மெல்ல உப்பி, வெள்ளையாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. வச்ச அடைப்பை எடுக்கணும்,” என்றேன்.

ஹவில்தார் காதில் சரியாக விழவில்லை என்பதுபோலப் பார்த்தார். “எடுக்கவா?”

“தண்ணி வந்தே ஆகணும். இங்க அடைச்சா உள்ள அழுத்தம் கூடும். அந்தா பாருங்க, அங்க பிச்சுக்கிட்டு வருது. அதையும் அடைச்சா மொத்தக் கரையையும் தூக்கிரும்.”

“உடைப்பைத் தொறந்து விடச் சொல்லுதாரப்பா,” என்று வரிசையில் ஒருவர் சொன்னார். இன்னொருவர், “அவிய கோயில் வீட்டு ஆளு. புளியோதரை தெரியும், கண்மாய்ச் சோலி எங்கிட்டுத் தெரியும்?” என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. மண்வெட்டியோடு ஓர் ஆள் அடைப்பின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, “கீழ எங்க தெரு இருக்கு சார். தொட விடமாட்டேன்,” என்றார். அவர் கோபத்தில் தப்பே இல்லை. கரை போனால் முதலில் போகிறது அந்தத் தெருதான். என் வார்த்தையை நம்பி ஓட்டையைத் திறக்க அவர் எதற்குச் சம்மதிக்க வேண்டும்?

அப்போது எனக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று பெருமை பேசவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சட்டப்படி எனக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை அங்கே எடுத்துக் காட்டியிருந்தால் மண்வெட்டிக்காரர் சிரித்திருப்பார். அழுத்தம், அரிப்பு என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன், எதுவும் ஏறவில்லை. கடைசியில், “தண்ணிய நாம பிடிக்க முடியாதுங்க. மண்ணைத்தான் பிடிக்கணும். பெருமணலைக் கொட்டுவோம். தண்ணி மணல் வழியா வந்துட்டுப் போகட்டும், மண்ணு மட்டும் உள்ளயே நிக்கட்டும்,” என்றேன்.

குருவம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “கஞ்சி வடிக்கிற மாதிரியா?” என்று கேட்டார்.

“அதேதாம்மா. சோறு நிக்கணும், கஞ்சி போகணும்.”

“தட்டை இறுக்கி வச்சு அடைச்சா கஞ்சி மூஞ்சியிலதான் அடிக்கும்,” என்றார் மண்வெட்டிக்காரரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “இது இன்னைக்கு வெளுக்கல சார். மூணு நாளா கிணத்துல வெளுப்பாத்தான் இருக்கு,” என்றார்.

மூன்று நாள் என்பது உள்ளே எவ்வளவு தூரம் அரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொன்ன குரலைக் கேட்டால் யாருக்கும் புரிந்திருக்கும். ஹவில்தார் அவர் பக்கம் திரும்பினார்.

“மூணு நாளாவா மதினி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா தண்ணிய எடுத்துட்டுப் போயிருவீக.”

ஹவில்தார் போய் மண்வெட்டிக்காரரின் தோளைத் தொட்டு இறக்கினார். அடைப்பைத் தன் கையாலேயே பிரித்தார். வெள்ளைத் தண்ணீர் மறுபடி குமிழியிட்டு வந்தபோது பின்னால் நின்ற பெண்கள் சாமி பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

மணல் வேண்டும். ஆலைக்கு வாங்கிப் போட்ட பெருமணலும் சல்லியும் கல்லும் இருந்தன, லாரிகளும் இருந்தன. லாரி அந்த இடத்துக்கு வர ஒரே வழி மிளகாய்த் தோட்டம்தான். பூவும் பிஞ்சுமாக நின்ற தோட்டம். நான் குருவம்மாளிடம் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வேலியின் முள்ளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். கையில் ரத்தம். அழுதுகொண்டே பிடுங்கினார். லாரி டிரைவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், “மெல்லகா, மெல்லகா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாத்திகளின் மேல் ஏற்றினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

முதலில் மணல், மேலே சல்லி, அதற்கு மேல் பாரத்துக்குக் கல். இரண்டு ஊற்றுகளையும் சேர்த்துப் போர்த்தினோம். ஹவில்தார் ஆட்களைப் பிரித்துக் கீழ்த்தெருவைக் காலி செய்ய அனுப்பினார். பட்டாளத்துக்காரர், ஆட்டுக்குட்டி உட்பட எல்லாவற்றையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மேனேஜர் தூணின் துளைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்து குட்டையைக் காலி செய்துவிடலாம் என்று துடித்தார். நான் சம்மதிக்கவில்லை. ஊறிக் கனத்த கரைக்கு உள்பக்கம் சாய்மானமே அந்தத் தண்ணீர்தான். அதைச் சட்டென்று இறக்கினால் கரை உள்ளுக்குள் சரியும். மேல் துளையை மட்டும் திறந்தோம், பொறுத்திருந்து அடுத்தது. ஓடைக்கு வெள்ளைத் தண்ணீர் வருகிறது என்று கீழ்க் கண்மாய்க்காரர்களுக்கு ஆள் அனுப்பினோம்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அதுதான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. எல்லோரும் ஏதாவது செய்யச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் மண், இன்னும் கொஞ்சம் கல் என்பார்கள். நான் கல்லுக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளை, வெள்ளை, மறுபடியும் வெள்ளை. ஆண்டாளை வேண்டிக்கொண்டேனா என்றால், ஆம், வேண்டிக்கொண்டேன். வெயில் மேற்கே சாய்ந்தபோது ஒரு டம்ளர் நீரின் வழியே என் விரல் ரேகை தெரிந்தது. வாங்கிப் பார்த்த ஹவில்தார் டம்ளரை ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டு போனார்.

கரை நின்றுவிட்டது. அந்தத் தோட்டத்தில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

அடுத்து நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. விசாரணைக் கூட்டத்தில் மேனேஜர் இரண்டு குற்றவாளிகளைத் தயாராக வைத்திருந்தார். துளைகளை அடைத்த ஹவில்தார், மூன்று நாள் மறைத்த குருவம்மாள். ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும், இன்னொருவர் மேல் வழக்குப் போட வேண்டும். பொங்கல் சாப்பிட்டவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. குட்டையில் தண்ணீர் எதுவரை நிற்கலாம் என்று காவல்காரரிடம் யாராவது சொன்னீர்களா என்று கேட்டேன். யாரும் சொல்லியிருக்கவில்லை. காரணம் சொல்லாமல் காவல் மட்டும் காக்கச் சொன்னால் மனிதர் தனக்குத் தெரிந்த கண்மாயைத்தானே காப்பார். ஹவில்தார் வேலை தப்பியது, வழக்குப் பேச்சும் நின்றது.

குருவம்மாளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். கல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“நான் உங்ககிட்ட அப்பவே வந்து நேரடியா கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?” என்றேன்.

“பொய் சொல்லுவானேன் சார். சொல்லியிருக்க மாட்டேன்.”

“கீழ அத்தனை வீடு இருக்கே.”

“இருக்கு. தெனமும் ராத்திரி அதை நெனச்சுத்தான் படுத்தேன். விடிஞ்சதும் செடியப் பாத்தா வாய் வரல. நீங்க மாசச் சம்பளக்காரரு, உங்களுக்கு எப்படிச் சொல்ல?”

“என்ன செஞ்சா சொல்லுவீங்க?”

“என் கிணத்துல தண்ணி இருக்கணும். அம்புட்டுதான்.”

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. கரையின் கசிவால் ஒருவர் பிழைக்கிறார் என்றால், அந்தக் கசிவைப் பற்றி அவர் வாயிலிருந்து உண்மை வராது. வரவேண்டும் என்றால் உண்மையைச் சொல்வதால் அவருக்கு நஷ்டம் வரக் கூடாது. குட்டையைத் தொடர்ந்து நடத்த அனுமதி கொடுத்தபோது மற்ற நிபந்தனைகளோடு இதையும் சேர்த்தேன்: கரை கசிந்தாலும் கசியாவிட்டாலும், அடியிலுள்ள தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் குறையாமல் நிறுவனம் நிரப்ப வேண்டும். அழிந்த பயிருக்கு ஈடும் தர வேண்டும். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். “கரைப் பாதுகாப்பு விதியில் கிணறு எங்கே ஐயா வருகிறது?” என்றார். கிணற்றில்தான் வெள்ளை முதலில் தெரிந்தது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு தண்ணீர் கலங்குகிறது என்று குருவம்மாள் இரண்டு தடவை சொல்லியனுப்பினார். முதல் தடவை கசிவு ஓடும் பள்ளத்தில் எருமை இறங்கிக் கலக்கியது. இரண்டாவது தடவை கிணற்றின் பக்கச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்தது. இரண்டு தடவையும் வேலையைப் போட்டுவிட்டுப் போனேன். இரண்டு தடவையும், “நல்ல வேளை சொன்னீங்க,” என்றுதான் சொன்னேன். முகத்தைச் சுளித்திருந்தால் மூன்றாவது தடவை வந்திருக்க மாட்டார். வீண் அலைச்சல் என்று அலுத்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை நிஜம். நண்டு வளை ஒன்று மணல் போர்வையின் ஓரத்தைத் துளைத்திருந்தது. சிறிய விஷயம், சில கூடை மணலில் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாது, எந்த அறிக்கையிலும் பெரிதாக வரவில்லை. ஆனால் இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் என்று நான் நினைப்பது அன்றைய காலையைத்தான்.

அது கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மழையில் தொப்பலாக நனைந்து யாரோ ஓர் அம்மா வாசலில் நிற்பதாக மனைவி வந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் குருவம்மாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கோயில் தெருவில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். கரையடியில் ஹவில்தாரை நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“எப்பம்மா வெளுத்துச்சு?” என்றேன்.

“இன்னைக்கு விடிஞ்ச பொறவுதான். நேத்து அந்திக்குத் தெளிஞ்சுதான் இருந்துச்சு.”

மனைவி துண்டு கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். காபி கொடுத்தாள், வேண்டாம் என்றார். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் வாசலுக்கும் தெருவுக்குமாக இரண்டு தடவை நடந்துவிட்டார்.

“செத்த நேரம் உக்காருங்கம்மா, ஜீப் வரட்டும்.”

“உக்கார நேரமில்ல சார். மாட்டைக் கறக்காமப் போட்டுட்டு வந்திருக்கேன். சீக்கிரம் கெளம்புங்க.”